குட்டியானையில் ஒரு கடகடச் சத்தம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் இருப்புக் கொள்ளாது. மின்விசிறி முனகினாலும் சரி, பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலும் சரி, எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இதற்காக வீட்டுக்காரரிடம் நிறையவே பேச்சு வாங்கியிருக்கிறேன்.

அவர் சவுதியில், தமாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் அவருடைய லீவில்தான். போன வருஷம் வந்தவர், எல்லாம் முடித்துவிட்டு வந்துவிட்டேன், இனிமேல் போவதில்லை என்றார். கையில் இருந்ததைப் போட்டுப் பழைய குட்டியானை வண்டி ஒன்றை வாங்கினார். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றி நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்கும் வேலை. கொஞ்ச நாள் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. அப்புறம்தான் அந்தக் கடகட ஆரம்பித்தது.

பாளையங்கோட்டைப் பட்டறைக்குக் கொண்டு போனார். பட்டறை அண்ணாச்சி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். மறுநாள் ஸ்ரீவைகுண்டம் ரோட்டில் மறுபடியும் கடகட. திரும்பக் கொண்டு போனால் திரும்பவும் வண்டி வாயைத் திறக்கவில்லை. வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் காதைப் பாருங்கள் என்று அண்ணாச்சி சிரித்தாராம். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. கியர்பாக்ஸ் போகப் போகிறது, தன்னை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்த வண்டி ஒரு நாள் நம்மள நடுரோட்டுல விட்டுரும் புள்ள. கம்பெனிலயும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். போயிரலாம்னு தோணுது" என்றார். அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மறுநாளே வண்டியில் ஏறிவிட்டேன்.

முதலில் முன்னால் இருந்த சின்னப் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். கடகட. கண்ணாடியைப் பிடித்தேன். கடகட. கதவு இடுக்கில் வாழைச்சருகைத் திணித்தேன். அதற்கும் அது அசரவில்லை. கடைசியில் பின்னால் ஏறி, பக்கத் தகரத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்துங்கநல்லூர் வேகத்தடையில் வண்டி குதித்தபோது டீக்கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பார்த்தால் பார்க்கட்டும். பின்னால் சத்தம் குறைவு என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் அது முன்னால்தான் எங்கோ இருக்கிறது.

ரோட்டில் கத்துகிற வண்டி பட்டறையில் மட்டும் ஏன் ஊமையாகிறது? இதைத்தான் யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது முறையாக அவர் பட்டறைக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று கவனித்தேன். தார்ப்பாயை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கினார். தமாமிலிருந்து கொண்டுவந்த ஸ்பானர் பெட்டி. பட்டறையில் விட்டால் ஸ்பானர் கை மாறிவிடும் என்று ஒவ்வொரு முறையும் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெட்டி வண்டிக்குள் ஏறிய பிறகுதான் சத்தமும் ஏறியது.

ஆனால் அவருடைய பெட்டியைக் குறை சொன்னால் கோபம் வரும். ஒவ்வொரு ஸ்பானரையும் துண்டில் சுற்றிப் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல வைத்திருப்பார். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் டீ குடிக்கிற நேரத்தில் பெட்டியை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வண்டியில் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் போய்த் தார் ஏற்றித் திரும்பும்வரை ஒரு சத்தம் இல்லை. "என்ன புள்ள, இன்னைக்குக் கடகடவைக் காணோம்?" என்றார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு அவர் வந்ததும் பெட்டியை நடுவீட்டில் இழுத்து வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஸ்பானர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மேல்தட்டைத் தூக்கினேன். அதற்கு அடியில், வெறும் இரும்பின் மேல், ஒரு வளையத்தில் மூன்று சாவிகள் கிடந்தன. எங்கள் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள்.

"இது எங்க உள்ளது?"

தமாமில் அவர் தங்கியிருந்த கேம்ப்பில் உள்ள இரும்பு பீரோவின் சாவியாம். இதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். கம்பெனியில் லீவு என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். போர்வை, குக்கர், ரெண்டு சட்டை எல்லாம் அங்கே பூட்டியபடி இருக்கின்றன.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எல்லாம் முடிச்சிட்டு வந்துட்டேன்னு எங்கிட்டச் சொன்னிய?"

"பயமா இருந்துச்சு புள்ள. வண்டி ஓடலன்னா என்ன செய்ய?"

"வண்டிதான் ஓடுதே."

அவர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அங்கே கூடத் தங்கியிருந்த கடையநல்லூர்க்காரரைக் கூப்பிட்டார். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஆள் ரூமில்தான் இருந்தார்.

"என் பீரோப் பூட்ட ஒடச்சிரும் வே. உள்ள இருக்கதெல்லாம் நீரே எடுத்துக்கிடும்."

"அப்போ நீர் வரலியா?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல வே. வரல."

அங்கே போனைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுத்தியல் தேடியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் டங், டங் என்று அடி விழுந்தது. அந்தப் பூட்டு லேசில் விடவில்லை. ஸ்பானர்களுக்கு நடுவில் நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்து, அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.