அக்ராவுக்காக மாட்டிய கடிகாரம்

கணவர் கானாவின் அக்ரா நகருக்கு வேலைக்குப் போனதும், மலேசியாவில் எங்கள் கிளாங் வீட்டு அடுப்படியில் அவருக்கென்று தனிக் கடிகாரம் மாட்டினேன். நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால் ஓடும். ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்றுக்கு, அங்கே காலை ஏழு என்று, வீடியோவில் அழைத்து எழுப்புவேன். கொட்டாவி விட்டபடி, "இப்பதான்லா முழிச்சேன்" என்பார்.

போன மாதம் அவர் பின்னாலிருந்த சுவர்க் கடிகாரம் பத்து மணி காட்டியது.

"அது ஓடாத கடிகாரம்லா," என்றார். நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

தேடிப் பார்த்தேன். நமக்கு மூன்று என்றால் கென்யாவின் நைரோபியில் பத்து. என் தாலியைத் தொட்டு, மறந்துவிட்டதாகச் சத்தியம் செய்தாரே, அந்தப் பெண் வேலை பார்க்கும் ஊர்.

"நைரோபியிலயா இருக்கீங்க?" என்றேன். அழைப்பைத் துண்டித்தார்.

எட்டு மாதமாக, விழித்திருந்தவரைத்தான் எழுப்பியிருக்கிறேன். அடுப்படிக் கடிகாரத்தில் இப்போது கிளாங் நேரம் ஓடுகிறது. ஞாயிறு மூன்று மணிக்குக் கைப்பேசியை அணைத்துவிட்டு நான் தூங்குகிறேன்.