லிஃப்ட் மெக்கானிக்கின் காதல் வாதங்கள்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கவிதை இருமல் மாதிரி. அடக்க அடக்க அதிகமாகும். நிலவு, மலர் என்று உருகி எழுத அவனுக்கு வராது. இது இப்படி, ஆகவே அது அப்படி என்று காதலை நிரூபித்தே தீருவான். முப்பத்து நாலு வயதுவரை நிரூபிக்க ஆள்தான் அகப்படவில்லை. அப்போதுதான் ஐந்தாம் மாடி வக்கீல் ஆபீசுக்குப் புது டைப்பிஸ்ட் வந்தாள்.

சர்வீஸ் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் முதல் கவிதையை எழுதி நீட்டினான். லிஃப்ட் பெட்டி ஏறினால், வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை இறங்கும். இரண்டையும் கட்டியிருப்பது ஒரே வடம். நீ பெட்டி, நான் எடை. ஆகவே நமக்குள் பிரிவே இல்லை.

அவள் மனுக்களைத் திருத்தும் சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"நான் மேலே இருந்தா நீங்க கீழே. நீங்க மேலே வந்தா நான் கீழே. நடுவுல ஒரு தடவை தாண்டிப் போவோம். இதுக்குப் பேரு குடும்பமா?"

ராத்திரியெல்லாம் புரண்டு, மறுநாள் பதிலோடு வந்தான். "ஒரு நாளைக்கு இருநூறு தடவை லிஃப்ட் ஓடுது. இருநூறு தடவை முகம் பார்த்துக்கிற புருஷன் பெண்டாட்டி யாராவது இருக்காங்களா?"

அவள் சிரிப்பை மென்று விழுங்கி, 'ஏற்கப்படவில்லை' என்று ஓரத்தில் எழுதினாள். ஆனால் காகிதத்தைக் கிழிக்காமல் ஃபைலில் போட்டுக்கொண்டாள்.

ஏழாவது கவிதையில் துணிச்சல் கூடிவிட்டது. ஆன்மா மோட்டார், உடம்பு பெட்டி. பெட்டி இல்லாமல் மோட்டார் மட்டும் சுற்றி என்ன பயன்? ஆகவே கையைப் பிடித்துக்கொள்வது ஆன்மிகக் கடமை.

"கதவைச் சாத்தாம லிஃப்ட் கிளம்புமா?" என்றாள் அவள்.

"கிளம்பாது."

"அப்போ முதல்ல எங்க அப்பாகிட்ட பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனான். அப்பாவின் மடியில் அந்த ஃபைல் இருந்தது. ஏழாவது கவிதையை நினைத்ததும் அவனுக்குக் காது மடல் சுட்டது. அவரோ சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, என் வீட்டுக்காரி மூணு வாரமா என்னோட பேசலை. அவ அண்ணன் பாடினதைப் பாட்டுன்னு நான் ஒத்துக்கலை. இதே மாதிரி ஒண்ணு எழுதித் தர முடியுமா?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினான். கோபித்துக்கொண்டு பேசாமலிருக்க எதிரே ஒருவர் வேண்டும். வேண்டும் என்றாலே அது பிரியம். ஆகவே மூன்று வாரமாக நீ என்மேல் உள்ள பிரியத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்பா அதைத் தன் கையெழுத்தில் பிரதி எடுத்துச் சமையலறைக் கதவுக்கடியில் தள்ளினார்.

பத்து நிமிடத்தில் அம்மா வெளியே வந்தார். "இது நீங்க எழுதினதில்லை. 'ஆகவே'ன்னு ஆரம்பிச்சா உங்களுக்கு முடிக்கத் தெரியாது. யாரு எழுதினது?"

அப்பா மெக்கானிக்கின் பக்கம் கையைக் காட்டினார். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"இவர் சொல்றது உனக்குச் சரியாப் படுதா?"

"ஒரு வாதம்கூட நிக்கலைம்மா," என்றாள் டைப்பிஸ்ட். "ஆனா திருத்தித் திருத்தி ஆளைப் பிடிச்சுப்போச்சு."

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. மாமனாருக்கு இப்போதும் அவ்வப்போது ஒரு கவிதை தேவைப்படுகிறது. மாமியார்தான் வாங்கிப் படிக்க மறுக்கிறார். படித்தால் கோபம் போய்விடுமாம். கோபம் இன்னும் நாலு நாளைக்கு அவருக்கு வேண்டியிருக்கிறதாம்.