பூட்டி வைத்த காற்று

நான் பெண்டாட்டி மேல் கை நீட்டுகிறவன். இதை மறைத்து எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

எங்கள் வீடு மணலூர்பேட்டைப் பக்கம். பெங்களூரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு அம்மா இல்லை, அதனால் தலைப்பிரசவமே எங்கள் வீட்டில்தான். சித்திரை வெயிலில் குழந்தை வருகிறதே என்று ஏசி வாங்கி மாட்டினேன். கூடவே அதை இயக்கச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதைப் பெங்களூரிலிருந்தே போனில் இயக்கலாம். ஏசி வந்த பிறகு சீலிங் ஃபேன் எதற்கு என்று கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அந்தக் கொக்கியில் தூளி கட்டச் சொன்னேன். தெருவே வந்து பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழந்தை பிறந்ததும் அம்மா ஜன்னலுக்குச் சாக்கு வைத்து ஆணி அடித்துவிட்டாள். பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். மனைவிக்குக் காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு. குளிர் வேண்டாம், வெறும் காற்று போதும் என்று அவள் பெட்டியில் ஏசிக்குள் இருக்கும் ஃபேனை மட்டும் தட்டினாள். குளிரை நிறுத்திவிட்டு ஃபேனைத் தனியாக ஓட்டலாம் என்று எலக்ட்ரீஷியன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வாங்கிய எனக்கு அது தெரியாது. ஏசி ஓடினால் குளிர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போன் செய்தாள். "எப்பா, ஒம் பொண்டாட்டி ஏசியப் போட்டுக்கினு படுத்துக்கினு இருக்கா. புள்ளைக்கு ஜன்னி வந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் அங்கிருந்தே அணைத்தேன். அவள் போட்டாள். மறுபடியும் அணைத்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இதே வேலை. வெறி ஏறிப்போய்க் கடைசியில் பெட்டியையே போனில் பூட்டிவிட்டேன். அவள் கூப்பிட்டாள்.

"வெறும் ஃபேன்தாங்க அது. புள்ளைக்கு வேத்து ஊத்துது."

"வாய மூடுடி" என்று வைத்துவிட்டேன்.

பூட்டிய நான்காம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். பஸ் பிடித்து வந்து இறங்கியவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "காத்தப் போட்டு புள்ளையச் சாவடிக்கிறியா?" என்று விட்டேன் ஒரு அறை. பிள்ளை பெற்ற உடம்பு, தூளியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். நாலு நாளாக அதைப் பூட்டி வைத்திருப்பதே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் துணிகளை உருவிப் போட்டார். உடம்பெல்லாம் வேர்க்குரு. "ஜன்னியும் இல்ல, ஒண்ணும் இல்ல. காத்தே இல்லாம அடச்சி வச்சிங்களா? இன்னும் ஒரு நாளு வுட்டிருந்தா புள்ள தங்கியிருக்காது" என்றார். அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவமானம்தான் பிடுங்கித் தின்றது.

இரண்டு நாளில் குழந்தையோடு வீடு திரும்பினோம். "பூட்ட எடுங்க" என்றாள் மனைவி. "பாக்கலாம்" என்றேன். தப்பு என்று தெரிந்தும் வாய் அப்படித்தான் வந்தது. போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, சட்டை எடுக்க அந்த ஏசி அறைக்குள் போனேன். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

உச்சி வெயில். ஜன்னலில் சாக்கு இன்னும் அப்படியே இருந்தது. மொட்டை மாடி காய்ந்து அனல் தலையில் இறங்கியது. கதவை உதைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். கொன்றுவிடுவேன் என்றேன். நாற்காலியைத் தூக்கிக் கதவில் அடித்ததில் நாற்காலிதான் உடைந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"அரை மணி நேரம் கூட ஆவல. ஒம் புள்ள நாலு நாளு கெடந்துது."

கதவு திறந்தது. தோளில் குழந்தையோடு நின்றாள். எழுந்த வேகத்தில் கை ஓங்கினேன். அவள் நகரவில்லை. அம்மா குறுக்கே பாய்ந்தாள். கையை நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை. அறை அம்மாவின் கன்னத்தில் விழுந்தது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் சார்ஜில் கிடந்த என் போனைப் பிடுங்கி மருமகள் கையில் கொடுத்தாள்.

"பூட்ட எடும்மா. புள்ளைக்குக் காத்தப் போடு" என்றாள்.