பின்னால் வருகிற பெயர்

“கூப்பரம்மா, ஆத்துக்காரர் போனதுக்கப்புறமும் அவர் பேரை வாயால சொல்லலாமா உங்கள்ல?” என்று மன்னி கேட்டாள்.

மன்னி என் கணவரின் அண்ணா மனைவி. கேட்டது, எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸிடம். திருச்சி கண்டோன்மெண்டிலிருந்து குதிரை வண்டி வைத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வருவாள். ஆங்கிலோ இந்தியப் பெண் என்பதால் தெருவில் சட்டைக்காரி என்பார்கள். எங்களுக்குக் கூப்பரம்மா. ரயிலில் கார்டாக இருந்த அவள் புருஷன், மன்னியின் கணவரான என் மைத்துனர் போன அதே வருஷம் காலமானவர்.

நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. மளிகை சுற்றி வரும் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். அதனால் அன்று கூப்பரம்மா, குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, பெயர்க் கணக்கைச் சொன்னபோது காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். நம்மில் தகப்பனார் பெயர் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும். அவர்களில் குடும்பப் பெயர் பின்னால் முழுசாக வரும். பெண்ணுக்குக் கல்யாணமானால் பிறந்த வீட்டுப் பெயர் போய்ப் புருஷன் வீட்டுப் பெயர் வந்துவிடும். கூப்பர் என்றால் மரப் பீப்பாய் செய்கிறவராம். எந்தக் காலத்திலோ அவர்கள் பாட்டன் பூட்டன் செய்த தொழில்.

“உங்காத்துக்காரரும் பண்ணுவாரா?” என்றேன்.

“அவருக்குப் பீப்பாயைக் காலி பண்ணத்தாம்மா தெரியும்” என்றாள். தையல் வலியோடு சிரித்தேன்.

மன்னி சிரிக்கவில்லை. பிரசவத் தீட்டென்று அறைக்கு வெளியே, வாசற்படிக்கு அந்தண்டை உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. மைத்துனர் பெயர் எங்கள் வீட்டில் புழக்கத்திலேயே இல்லாமல் போயிருந்தது. என் கணவருக்கு அவர் அண்ணா, அவ்வளவுதான். மாமியார், பிள்ளையின் பெயரை எடுத்தாலே அழுகை வருகிறதென்று எடுப்பதையே விட்டுவிட்டார். நான் சொல்லக்கூடாது. மன்னியோ, அவர் இருந்த நாளிலேயே ‘ஏன்னா’ என்றதோடு சரி. அவருக்குப் பெருமாள் பெயர் என்பதால், சேவிக்கப் போகிற இடத்திலும் அந்தத் திருநாமத்தை மட்டும் தாண்டிப் போவாள். பிள்ளை குட்டியும் இல்லை. இனி யார் சொல்வார்கள் அந்தப் பெயரை?

கூப்பரம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஏம்மா சொல்லக்கூடாது? ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிடறவங்க எல்லாம் அவரைத்தானே கூப்பிடறாங்க. வண்டிக்காரன் கூப்பிடறான். நீங்ககூட இப்பக் கூப்பிட்டீங்க.”

“ஆத்துல அவரை எப்படிக் கூப்பிடுவேள்?”

“பேர் சொல்லித்தான். சண்டைன்னா மட்டும் மிஸ்டர் கூப்பர்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “வளையல் மோதிரமெல்லாம் நானே ஒவ்வொண்ணா வித்துட்டேன். பேரு மட்டும் இருக்கு. அது என்னோட கல்லறை வரைக்கும் வரும்.”

மன்னி தன் வெறுங்கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?” என்று கூப்பரம்மா கேட்டாள். வழக்கம் தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னி வாசற்படியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நானும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கூப்பரம்மா வற்புறுத்தாமல் என் பக்கம் திரும்பி, பையனுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று விசாரித்தாள். நாளைக்குத்தான் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கிற புண்யாஹவாசனம், தாத்தா பெயர் என்று பேச்சு, இன்னும் முடிவாகவில்லை என்றேன். அப்பா குழந்தையின் காதில் பெயரைச் சொல்லுவார், அப்புறம் பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள் என்றும் சொன்னேன். அந்த மங்கள காரியத்தில் மன்னி முன்னால் வந்து நிற்க முடியாது என்பதை நான் சொல்லவில்லை.

மன்னி எழுந்தாள். அடுக்களைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கூப்பரம்மாவின் மடிமேல் குனிந்து, துணியை விலக்கி, குழந்தையின் வலது காதோடு வாயை வைத்து, இத்தனை நாள் தாண்டிப் போன அந்தப் பெயரை நிதானமாக, எனக்கும் கேட்கும்படி, முழுசாகச் சொன்னாள்.