அண்ணன் கழற்றிக்கொண்டு போன கார்டு

எங்கள் வீட்டில் 'பெட்டி' என்று அழைக்கப்பட்ட கணினியைப் போட்டதும் பஞ்சு கருகும் வாடை வரும். சூலூரில் வீட்டை ஒட்டியே அப்பாவின் விசைத்தறிக் கொட்டகை. அங்கிருந்து பறக்கும் பஞ்சு பெட்டிக்குள் புகுந்து, உள்ளே சூடேறும் கிராபிக்ஸ் கார்டின்மேல் படிந்துவிடும். அதை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் துடைப்பது என் வேலை. ஆனால் கார்டு என்னுடையதல்ல, பெட்டியோடு வந்ததும் அல்ல. விளையாடுவதற்காக அண்ணன் அடம்பிடித்து வாங்கிச் சொருகியது.

ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக் கண்காட்சிக்காக அதில் நானே ஒரு விளையாட்டு எழுதினேன். தறியில் நூல் அறும். துணி கெடுவதற்குள் முடிச்சுப் போட்டாக வேண்டும். கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கையில், பீளமேட்டில் கல்லூரி விடுதியில் சேர்ந்திருந்த அண்ணன் வந்து பெட்டியைத் திறக்கத் திருப்புளியை எடுத்தான். அறை நண்பனின் கணினியில் சொருகப் போகிறானாம்.

"அம்மணி, பெட்டி நம்ம ஊட்டுது. கார்டு என்னுது."

கழற்றி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போய்விட்டான். அதன்பிறகும் பெட்டி ஓடியது. என் விளையாட்டு மட்டும் திறக்கவேயில்லை.

"அண்ணனுக்கு ஒரு போன் போடு கண்ணு, ஞாயித்துக்கெழம கொண்டாந்து தருவான்" என்றார் அப்பா.

"கேக்க மாட்டேனுங்கப்பா. கார்டு இல்லாமயே ஓட வெச்சுப்போடறேன்."

வீம்பில்தான் சொன்னேன். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில், விளையாட்டு எதையெல்லாம் கார்டிடம் கேட்கிறது என்று வரிசையாக எழுதியபோதுதான் உறைத்தது: பள்ளியின் ஆறு கணினிகளிலும் கார்டே கிடையாது. அண்ணன் கழற்றாமலே இருந்திருந்தாலும் கண்காட்சியன்று நான் விழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். அவனுடைய கார்டை எல்லோருடைய கார்டாகவும் நினைத்து எழுதியது என் தவறு.

அந்த வரிசையில் தறியின் நிழலைக் கோடிட்டு அடித்தேன். துணியின் பளபளப்பை அடித்தேன். பறக்கும் பஞ்சை அடிக்க மட்டும் இரண்டு நாள் மனம் வரவில்லை. பிறகு அதையும் அடித்தேன். மிஞ்சியவை நூல், முடிச்சு, ஓடும் நேரம். கண்காட்சியில் ஆறு கணினிகளிலும் ஓடியது. பிள்ளைகள் வரிசையில் நின்று விளையாடினார்கள்.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்தான். என் நலமெல்லாம் விசாரித்துவிட்டு, மெல்லக் கேட்டான்.

"அந்த கேம அனுப்பு அம்மணி. இங்க பக்கத்து ரூம் பசங்க பெட்டியில கார்டு இல்ல."

"உங்க கார்டு இருக்குதல்லங்கண்ணா, அத வெச்சு வெளையாடச் சொல்லுங்க" என்றேன். அனுப்பியும் வைத்தேன்.

இப்போது நானும் பீளமேட்டில்தான், மென்பொருள் நிறுவனத்தில். சக ஊழியர்களின் கணினிகளில் அந்தக் காலக் கார்டைப் போல நான்கு மடங்கு பெரிய கார்டுகள் இருக்கின்றன. யார் 'புரோகிராம் முடிந்துவிட்டது' என்றாலும், என் மேசையிலிருக்கும் சாதாரண மடிக்கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்வேன். "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வீம்பா" என்று சிரிப்பவர்களும் உண்டு. சிரிக்கட்டும், ஓடாததற்கு நான் கையெழுத்திடுவதில்லை. சூலூர்ப் பெட்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது, பஞ்சு வாடையும் அதோடு போயிற்று. இந்த மடிக்கணினியில் யாரும் கழற்றிக்கொண்டு போக ஒன்றுமே இல்லை.