அவளுடைய இருக்கையில் நான்

நான் என் மனைவிக்குப் பொய் சொன்னேன். முழுச் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக ஒருவர் அவளுக்கென்று தந்த விமான இருக்கையை, இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதில் நானே ஏறிப் போனேன்.

இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வாசித்துவிட்டு நீங்கள் திட்டலாம். திட்ட வேண்டியவள் இன்னும் திட்டவில்லை. அவளுக்கு இது தெரியாது.

அது 1999 ஆகஸ்ட். லண்டனுக்கு வெளியே, தனியார் சிறு விமானங்கள் ஏறி இறங்கும் ஒரு திடலில், அந்த விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புவது என் வேலை. பத்து வருடம் அதைத்தான் செய்தேன். மழையில் நின்று நிரப்பினேன். பனியில் விரல் மரத்துப்போக நிரப்பினேன். அந்த விமானங்களில் ஒன்றிலாவது ஒருநாளாவது ஏறியிருக்கிறேனா? இல்லை. "வா, ஒரு சுற்றுப் போய்வரலாம்" என்று எவனும் என்னைக் கேட்டதில்லை.

என் மனைவி யோகா யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியை. லண்டனுக்கு வந்து சான்ட்விச் தொழிற்சாலையில் ரொட்டிக்கு வெண்ணெய் பூசினாள். அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்வது முழுவதும் என் பங்கு. கிரகணம் வரப்போகிறது என்று ஒரு வருடத்துக்கு முன்னமே அவளுக்குத் தெரியும். லண்டனில் மிச்சம் என்ற ஊரில், நகரசபை வாடகைக்குத் தந்த எங்கள் கவுன்சில் வீட்டுக் குசினிச் சுவரில் இங்கிலாந்துப் படத்தை ஒட்டி, நிழல் போகும் பாதையைப் பென்சிலால் கீறி வைத்திருந்தாள். லண்டனில் முழுதாக மறையாது. தென்மேற்கு மூலையில் கோர்ன்வாலில்தான் மறையும். அங்கேயும் மேகம் மூடினால் எல்லாம் வீண்.

"மேகத்துக்கு மேல போனால் ஒரு கரைச்சலும் இல்லை," என்று ஒருநாள் சோறு போட்டபடி சொன்னாள். "ஆனா அதுக்குப் பிளேன் வேணுமே!"

அதை நான் பீற்றரிடம் சொன்னேன். பீற்றர் வேலையை விட்டு ஓய்ந்த பல் வைத்தியர். நான்கு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தார். கிரகணத்துக்கு இரண்டு நண்பர்களோடு பறக்கப் போவதாகவும் ஒரு இருக்கை மிச்சம் என்றும் சொன்னார். உன் மனைவியைக் கூட்டி வா, முன்னால் வலதுபக்கம் அவளுக்கு, சூரியன் அந்தப் பக்கம்தான் நிற்கும் என்றார்.

உன் மனைவியை...! பத்து வருடம் எண்ணெய் நிரப்பியவன் நான்.

அதை அப்போது விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது யோகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தெட்டு வயது. வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு முறை எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவள் மருத்துவச்சியிடம் போய்ப் பறக்கலாமா என்று கேட்டு, பறக்கலாம் என்று பதிலும் வாங்கி வந்துவிட்டாள்.

பிறகு கொழும்பிலிருந்து அம்மா ரெலிபோன் எடுத்தா.

"தம்பி, கிரகணம் வருதாம். அவளை வெளியில விட்டிடாதை. கத்தி, கத்தரிக்கோல் ஒண்டும் தொட விடாதை. இந்த முறையெண்டாலும் பிள்ளை தங்கட்டும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா," என்று கத்திவிட்டு வைத்தேன். இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்றிலிருந்து, யோகா படியில் இறங்கும்போதெல்லாம் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருக்க வேண்டியவளை எட்டாயிரம் அடி உயரத்தில் கிரகணத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்துவதா? நம்பாதவனுக்கும் பயம் வரும். உங்களுக்கு வந்ததில்லையா?

கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னேன்.

"பீற்றரின்ரை தங்கச்சி வந்திட்டாவாம். உமக்கு இடமில்லையாம்."

அவள் என் சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "பரவாயில்லை. அந்த மனிசி பாக்கட்டும்," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு கோபம் இல்லை. ஒரு பாட்டம் அழுதிருந்தாலாவது என் வாயிலிருந்து உண்மை வந்திருக்கும்.

கிரகணத்தன்று காலை நான் வேலைக்கு இறங்கும்போது ஒரு டப்பாவை நீட்டினாள். பயற்றம் பணியாரம். "என்னை நினைச்சு இடம் வைச்ச மனிசனெல்லே, குடுங்கோ." அதன் மேல் நான்காக மடித்த ஒரு தாள். "இதை அவரின்ரை தங்கச்சியிட்டைக் குடுத்துவிடுங்கோ. ரெண்டு நிமிசந்தான் இருட்டு. எங்கை பாக்கிறதெண்டு தெரியாட்டி முழுசிக்கொண்டிருக்கவே முடிஞ்சுபோம்."

தன் இடத்தைப் பறித்தவளுக்கு அவள் எழுதிய தாள்! அப்படி ஒரு தங்கச்சி இந்த உலகத்திலேயே இல்லை.

திடலில் பீற்றரிடம் வேறு பொய் சொன்னேன்: மனைவிக்குச் சுகமில்லை, வைத்தியர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு, இருக்கை சும்மாதானே போகப் போகிறது, நீ ஏறு என்றார். என் மேலதிகாரியிடம் அவரே பேசி அனுமதியும் வாங்கினார்.

நான் ஏறினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இதுவரை நான் சொன்னதை நம்பி, பாவம், பிள்ளைக்காகப் பயந்திருக்கிறான் என்று நீங்கள் நினைத்தால், நில்லுங்கள். பயந்தது உண்மை. ஆனால் பயந்தவன் அவளோடு வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்? அவளிடம், "எனக்குப் பயமா இருக்கு, போகாதையும்" என்று சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அல்லது எனக்காக நின்றிருப்பாள். நான் சொல்லவில்லை. அம்மாவின் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது... அந்த இருக்கை எனக்கு வேண்டும் என்று முதல் நாளே ஆசைப்பட்டேன். என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டார்களே என்று என் மனைவிமேலேயே எனக்கு எரிச்சல் இருந்தது. இதுதான் உண்மை. அசிங்கமாகத்தான் இருக்கிறது.

கோர்ன்வாலுக்கு மேலே போனபோது கீழே ஒரே மேகம். தரையில் நின்று காத்திருந்த சனத்துக்கு ஒன்றும் தெரிந்திராது. மேலே வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. எங்களைப்போல இன்னும் பல சின்ன விமானங்கள் தூரத்தில் புள்ளிபுள்ளியாகச் சுற்றின. வானொலியில் விமானிகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பீற்றர் தந்த கிரகணக் கண்ணாடியால் பார்த்தால், சூரியன் என் பக்க யன்னலில் பிறைபோலத் தேய்ந்துகொண்டு வந்தது.

நான் யோகாவின் தாளை விரித்தேன். ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதுவதுபோல வட்ட வட்ட எழுத்து.

முதலில் மேற்கே பாருங்கள், நிழல் அங்கிருந்து வரும் என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். மேகத்தின்மேல் கறுப்பாய் ஒன்று, கரையே இல்லாமல், எங்களை நோக்கி ஓடி வந்தது. அது வந்து மூடியதும் வானொலியில் எல்லாரும் ஒரேயடியாக வாயடைத்துப் போனார்கள். முழுதாக மறைந்ததும் கண்ணாடியைக் கழற்றுங்கள், பயப்பட வேண்டாம் என்றிருந்தது. கழற்றினேன். நடுவில் கறுப்பு, சுற்றிவர வெள்ளையாய், நீருக்குள் அசையும் தலைமயிர்போல ஒரு ஒளி. சூரியனையே பார்த்துக்கொண்டிராமல் ஒருமுறை சுற்றிவரப் பாருங்கள் என்றிருந்தது. பார்த்தேன். எல்லாத் திசையிலும் விடியல்!

அவள் ஒருநாளும் காணாத ஒன்றை, கண்டவளைப்போல எழுதி வைத்திருந்தாள். அவள் காட்டக் காட்ட நான் பார்த்தேன்.

அழுதேன். பீற்றர் என் தோளைத் தட்டினார். கிரகணத்துக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார். திரும்பி வரும் வழியில் நாலு பேரும் பணியாரத்தைச் சாப்பிட்டோம்.

வீட்டுக்குப் போனால் யோகா பின்வளவில் கதிரை போட்டு இருந்தாள். பக்கத்தில் மா அரிக்கும் அரிதட்டு.

"மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. முழு நேரமும் வெளியிலதான் நிண்டனான். இந்த அரிதட்டை வெயிலுக்குப் பிடிக்க, ஓட்டைக்கு ஒண்டா நிலத்திலை நூறு பிறை விழுந்தது தெரியுமோ! பிள்ளையும் நல்லா உதைச்சது."

அவளுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. என் பயத்தால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

"நீங்கள் ஒண்டும் பாக்கேல்லையோ? வேலையோ?"

"ஓம். வேலை."

"பாவம் நீங்கள்," என்றாள். என்னை! "போனவை என்ன சொன்னவை? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

சொன்னேன். பீற்றர் சொன்னார், பீற்றர் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடி கேட்டாள். இடையில் ஒருமுறை கண் திறந்தாள்.

"தலைமயிர்போலை எண்டு அவரே சொன்னவர்? நல்லாச் சொல்லியிருக்கிறார்."

"ஓம்."

"தங்கச்சிக்காரி என்ரை தாளை வாசிச்சவவோ?"

"வாசிச்சவ. உதவியா இருந்ததாம்."

அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, பிள்ளை பிறக்கட்டும் என்று நினைத்தேன். டிசம்பரில் மகள் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. அப்போதும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு ஒரு மாதம் இருக்கும்போது யோகா ஒரு கடித உறையைத் தந்தாள். "பீற்றரின்ரை தங்கச்சிக்கு. விலாசம் தெரியாது, அவரிட்டைக் குடுங்கோ."

இல்லாத ஒருத்திக்கு எழுதிய கடிதத்தை யாரிடம் கொடுப்பது? வேலையிடத்துக் கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு நானே உடைத்து வாசித்தேன். எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள், அன்று அவளும் கொஞ்சம் பார்த்தாள் என்று எழுதியிருந்தாள். பிறகு ஒரு கேள்வி. நீங்கள் அழுதீர்களா? நானாக இருந்தால் அழுதிருப்பேன். மற்றவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், நீங்கள் எனக்குச் சொல்லலாம்.

பல மாதம் அவள் பதில் பார்த்திருந்தாள். தபாற்காரன் போட்டுவிட்டுப் போனதும் கடிதங்களைப் புரட்டிப் பார்ப்பாள். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், "வெள்ளைக்காரச் சனம் அப்பிடித்தான், மரியாதை தெரியாது, விடும்," என்று எரிந்து விழுந்தேன்.

"சும்மா பேசாதேங்கோ," என்றாள். "அவவுக்கு என்ன கரைச்சலோ..."

பேனையோடு பலமுறை இருந்து பார்த்தேன். ஓம், அழுதேன் என்று எழுதினால் போதும். கீழே யாருடைய பெயரைப் போடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.