அறிவியல் புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் நான் முதன்முதலாகச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனேன். மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டான். பகல் முழுக்க வீட்டில் டிவி மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கடையில் பள்ளிக்கூடம் திறக்கும் சீசனுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டேன். கடையை நடத்தியவர் என்னைவிட மூத்த ஒரு அக்கா. படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஏணியில ஏறுவியா?”

“சேலையில கொஞ்சம் கஷ்டமாக்கும் அக்கா.”

“அப்போ நாளைக்குச் சுடிதார் போட்டுக்கிட்டு வா.”

முதல் வாரம் நிம்மதியாகப் போயிற்று. மே மாதக் கடைசியில்தான் அக்கா சொன்ன சீசன் என்னவென்று புரிந்தது. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் ஆட்கள் நின்றார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து கைகள் நீண்டுகொண்டே இருந்தன. “நாலுகோடு நோட்டு”, “பிரவுன் அட்டை”, “கிராஃப் நோட்டு” என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நான் ஏணியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். புதுத்தாள் வாசனை தலைமுடியில்கூட ஏறியிருந்தது. யார் என்ன கேட்டாலும் என் கை தானாக அந்தத் தட்டுக்குப் போகத் தொடங்கிய அன்று, எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு. விடிந்ததிலிருந்து மழை. குடையும் மழைக்கோட்டுமாகக் கூட்டம் கடைக்குள் நெருக்கியது. அதில் ஒரு அம்மா, பத்தாம் வகுப்புப் புத்தகம் கேட்டார். மணவாளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் மகள்.

“எல்லாத்திலயும் ரெண்டு எடு மக்கா. நோட்டும் ரெண்டு ரெண்டு.”

“ரெட்டைப் பிள்ளையளா?”

“இல்ல. ஒண்ணு இவளுக்கு. ஒண்ணு எனக்காக்கும்.”

நான் கையிலிருந்த நோட்டுகளை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். மகள் அம்மாவின் கையைக் கிள்ளினாள். “மெதுவாச் சொல்லும்மா. எல்லாரும் பாக்கியாவ.”

“பாக்கட்டும். நான் என்ன களவா செய்யேன்? என்னைய ஒன்பதாம் கிளாசோட நிறுத்திட்டாவ. இந்த வருஷம் பிரைவேட்டா எழுதப் போறேன்.” என்னிடம் திரும்பி, “ரெண்டு பேருக்கும் ஒரு பொஸ்தகம் போதும்னுதான் நெனச்சேன். இவ தர மாட்டேங்கா,” என்றார்.

கூட்டமே சிரித்தது. நான் உடனே ஏணியில் ஏறினேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சமூக அறிவியல் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்து அடுக்கினேன். அறிவியல் மட்டும் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அன்று வந்த பத்தாம் வகுப்புக்காரர்கள் யாருக்குமே இல்லை. மதுரையிலிருந்து கட்டுகள் வர வேண்டும். “நாளைக்கு ஸ்கூலு தொறக்கு, இன்னிக்கு இல்லைன்னா எப்படி?” என்று ஆளாளுக்குக் கேட்க, அக்கா பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். அம்மாவும் மகளும் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். “வந்த பஸ் காசுக்கு நின்னு பாத்துட்டே போவோம்,” என்றார் அம்மா.

மதியம் தாண்டி அக்காவின் போன் அடித்தது. கட்டுகளைப் பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறார்கள். பஸ் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது.

“நான் போறேன் அக்கா!” என்று ஏணியிலிருந்தே கத்தினேன்.

ஒரு ஆட்டோவைப் பிடித்துப் போனேன். பஸ்ஸின் மேலிருந்து கட்டுகளை இறக்கினார்கள். நாலு பக்கமும் பாலித்தீன் சுற்றி, சணல் கயிறு கட்டியிருந்தது. பின்சீட் முழுக்க அடுக்கியது போக, எனக்கு உட்கார இடமில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தேன். மழை முகத்தில் அறைந்தது. எனக்கு அது கல்யாண ஊர்வலம்போல இருந்தது.

கடைத் தெருவின் முனையில் ஆட்டோ நின்றுவிட்டது. முட்டளவுக்குத் தண்ணீர். அதற்குள் பைக்கும் காரும் ஒன்றுக்கொன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றன.

“இதுக்கு மேல வண்டி போகாது கேட்டியளா,” என்றார் டிரைவர்.

கடை அங்கிருந்தே தெரிந்தது. ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் வரவில்லை. ஆட்டோவின் படியில் ஏறி நின்று, கையைக் குவித்துக் கத்தினேன்.

“சயன்ஸ் பொஸ்தகம் வந்தாச்சு! தூக்க ஆள் வாங்கோ!”

மழையில் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். கடை வாசலிலிருந்து முதலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது மணவாளக்குறிச்சி அம்மாதான். பின்னாலேயே மகள். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் நின்ற இடத்திலிருந்து கை நீளும் தூரத்தில் இன்னொருவர் நின்றார். சட்டென்று தெருமுனையிலிருந்து கடைப்படி வரை ஒரு வரிசை. பேண்ட்டை முட்டுவரை சுருட்டிய அப்பாக்கள், செருப்பை அக்குளில் இடுக்கிய அம்மாக்கள். கட்டுகள் நெஞ்சோடு அணைத்தபடி கைமாறிப் போயின. கையில் கட்டு இல்லாதவர்கள் குடையைப் புத்தகத்துக்குப் பிடித்துக்கொண்டு தாங்கள் நனைந்தார்கள்.

“கீழ விட்டிராத மக்கா!”

“பிடிச்சாச்சு, அடுத்தது தா!”

மாட்டிக்கொண்டிருந்த காரிலிருந்துகூட ஒருவர் இறங்கி வரிசையில் நின்றார். அவருக்குப் புத்தகம் தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கடைசிக் கட்டு என் கையைவிட்டுப் போனபோது வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

கடைக்குள் எல்லாருடைய உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அக்கா கயிற்றை அறுத்துப் பாலித்தீனைப் பிரித்தார். உள்ளே ஒரு தாள்கூட நனையவில்லை. ஈரக் கையோடு யாரும் தொடக்கூடாது என்று அக்கா அதட்ட, எல்லாரும் பிள்ளைகளைப்போலச் சட்டையிலும் முந்தானையிலும் கையைத் துடைத்தார்கள். அதுவும் நனைந்திருந்ததால் பயனில்லை. கடைசியில் அக்காவே ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக் கொடுத்தார்.

முதல் இரண்டு பிரதிகளை நான் அந்த அம்மாவுக்காக எடுத்து வைத்திருந்தேன். அவர் தன்னுடையதை வாங்கினார். பையில் போடவில்லை. கூட்டத்துக்கு நடுவே நின்றபடி நடுப்பக்கத்தைத் திறந்து, ஒரு படத்தை உற்றுப் பார்த்தார். மனிதக் கண்ணின் படம்.

“இதெல்லாம் படிக்கணுமா ஏட்டி?”

“படிக்கணும்மா. பாகம் குறிக்கணும்.”

“படம் வரையுறது எனக்கு லேசு. பிளவுஸே வெட்டுகேன், இது வரைய மாட்டேனா?” என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏனோ எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாரும் நனைந்திருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஷட்டரை இறக்கும்போது அக்கா சொன்னார்: “சீசன் முடிஞ்சா நின்னுராத. நீ தெனமும் வா.” இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வர நேரமாகும் என்று சொல்லத்தான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. தண்ணீர், வரிசை, கார்க்காரர், அந்த அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போனை வைத்தபோதுதான் பஸ்ஸே அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். முன்சீட்டிலிருந்து ஒருவர் மெல்லத் திரும்பினார்.

“சயன்ஸ் பொஸ்தகம் இன்னும் இருக்கா?”